முனீஸ்வரர் சாட்சிக்கு வரவில்லை

1

இந்த வருடம் சுங்கை பினாங் முனீஸ்வரர் பூசைக்கு வந்தவர்கள் முதலில் பார்த்தது சாமியின் முகத்தை அல்ல, கையை. ஓங்கிய வலது கையில் அரிவாள் இருந்தது. அதன் பிடியில் ஒரு பழுப்பு அட்டையை நூலால் கட்டியிருந்தார்கள். அட்டையில் மலாயில் இரண்டு வரி, ஒரு வழக்கு எண், ஒரு முத்திரை. மின்விசிறிக் காற்றில் அது சாமியின் முழங்கையில் பட்டுப் பட்டு ஆடிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றபோதே பதினேழு பேர் அதைத் தொலைபேசியில் படம் பிடித்தார்கள்.

"அது என்னா காப்பு, பூசாரி?" என்று ஒருவர் கேட்டார்.

"கோர்ட்டு கட்டிவிட்ட காப்பு லா," என்றார் நாகு பூசாரி. "நான் அவுக்க மாட்டேன்பா. அப்புறம் யாரு பதில் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அட்டையில் என் மகள் கோமதியின் பெயரும் இருந்தது. சாமி கையில் மகளின் பெயர் தொங்குவது நல்லதா, கெட்டதா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

'கோமதி பேரில் ஏதோ போலீஸ் கேஸாமே' என்று ஊரிலிருந்து ஒவ்வொருவராகக் கேட்கிறீர்கள். தொலைபேசியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிவிட்டேன். மறைக்க நினைத்து அல்ல; எனக்கே ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகத்தான் புரிந்தது. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

2

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து நான் பினாங்குக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்தேன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணுவது, தாளில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒத்துப் பார்ப்பது, குறைந்தால் கத்துவது. இதுதான் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் கண் தானாக எண்ணிக்கொண்டிருக்கிறது.

மனைவி பாக்கியம் சுங்கை பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவள். அந்த முனீஸ்வரர் அவளுடைய சாமி. காப்பிக் கடைக்கும் மோட்டார் பட்டறைக்கும் நடுவில் ஒரு மரத்தடி, தகரக் கூரை, அவ்வளவுதான் கோயில். பதிவு கிடையாது, நிர்வாகக் குழு கிடையாது. வாரநாளில் லாரி ஓட்டுகிற நாகராஜன் வெள்ளிக்கிழமையும் பூசை நாளிலும் பூசாரியாகிவிடுவார். கோமதி எங்கள் ஒரே பிள்ளை. ஒரு தனியார் மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாங்கள் மூவரும் கெலுகோரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம்.

போன வருடப் பூசைக்குச் சில நாள் முன்பு அரிவாளின் பிடி ஆட்டம் கண்டுவிட்டது. பாலத்தைத் தாண்டி அக்கரையில், சிம்பாங் அம்பாட்டில் ஓர் இரும்புப் பட்டறையில் சரி செய்யக் கொடுத்திருந்தார்கள். திரும்ப எடுத்துவர வேண்டிய நாளில் பூசாரியின் வேன் கிளம்பவில்லை.

"கோமதி அந்தப் பக்கந்தானே கூட்டாளி வீட்டுக்குப் போறா, வர்றப்ப எடுத்துட்டு வரட்டும்," என்றாள் பாக்கியம்.

அரிவாள் என் இடுப்பு உயரம் இருக்கும். பட்டறைக்காரர் அதை மஞ்சள் துணியில் சுற்றி, நுனியில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் குத்தி, காரின் பின் இருக்கையில் படுக்க வைத்திருக்கிறார். சாயங்காலம். தீவுக்குத் திரும்பும் பாலத்துக்கு வருவதற்குள் போலீஸ் சாலைத் தடுப்பு.

மஞ்சள் துணியைப் பிரித்த அதிகாரி பினாங்குக்குப் புதிது போலிருக்கிறது. யாருடையது என்று கேட்டிருக்கிறார். கோமதி, நம் வழக்கப்படி, "முனீஸ்வரனுடையது" என்று சொல்லியிருக்கிறாள். எங்கே இருக்கிறார்? சுங்கை பினாங்கில். என்ன வேலை? காவல். இவள் பொய் சொல்லவில்லை, அவரும் கேட்டதைத்தான் எழுதினார். வாக்குமூலத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் 'முனீஸ்வரன், காவலர், சுங்கை பினாங்' என்று ஏறிவிட்டது.

பறிமுதல் செய்த பொருள்களின் பட்டியலை நான் பிறகு பார்த்தேன். அரிவாள் ஒன்று, மஞ்சள் துணி ஒன்று, எலுமிச்சம்பழம் ஒன்று. எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது.

3

மறுநாள் காலையில், போலீஸ் நிலையத்திலிருந்து கோமதியை விட்டதும், வழக்கறிஞர் கலாவைப் பார்க்கப் போனோம். டவுனில் ஒரு காகிதக் கடையின் மாடியில் அலுவலகம். சின்ன வயசுப் பெண், ஆனால் கண்டிப்பு. கோமதி நிலையத்தில் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் பேனாவை மேசையில் வைத்துவிட்டாள்.

"கேட்டதுக்கெல்லாம் ஏன் பதில் சொன்னீங்க?"

"கேட்டாங்க, சொன்னேன். பதில் சொல்லாம இருந்தா மரியாதையா இருக்காதேன்னு..."

"மரியாதையா!" கலா என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், பிடிச்ச உடனே எதுக்குப் பிடிக்கிறீங்கன்னு கேக்கலாம். வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னு கேக்கலாம். லாயரப் பாக்கணும்னு கேக்கலாம். தன்னையே மாட்டிவிடுற கேள்வின்னா பதில் சொல்ல மாட்டேன்னு சொல்லலாம். இந்த நாலுல உங்க பொண்ணு ஒண்ணுகூடக் கேக்கல."

"வீட்டுக்குப் போன் பண்ணாளே," என்றாள் பாக்கியம்.

"அது ஒரு போலீஸ்காரம்மா பாவம் பாத்துக் குடுத்தது, ஆண்ட்டி. உரிமைன்னு கேட்டு வாங்கல."

பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பெரியவர்கள் கேட்டால் நின்று பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அவளை வளர்த்தோம். சும்மா இருக்கவும் உரிமை உண்டு என்று யாரும் எனக்கும் சொன்னதில்லை.

எனக்கு ஊரில் என் பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் விசாரிக்க வந்தது நினைவுக்கு வந்தது. ஏட்டு சைக்கிளில் வந்தார். என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. டீக்கடைக்காரரிடம் கேட்டார், பலசரக்குக் கடையில் கேட்டார், கடைசியாகப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் நின்றார். அவருக்கும் என் அப்பாவுக்கும் வேலித் தகராறு, பேச்சுவார்த்தையே கிடையாது. என் அம்மா கதவுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "பையன் தங்கமான பையன். அவன் அப்பன்தான் சரியில்ல," என்றார் அவர். ஏட்டு அதில் பாதியை எழுதிக்கொண்டு போனார். மூன்று பேரின் வாய்ச்சொல்தான் என் நன்னடத்தை. அதைக் கொண்டுதான் கடலைத் தாண்டினேன்.

இங்கே அப்படி இல்லை. கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு, போலீஸ் பதிவு வேறு என்று கலா விளக்கினாள். நான் இந்த நான்கையும் ஒன்று என்று நினைத்திருந்தேன். ஒன்று முடிந்தால் மற்றதும் முடியும் என்றுதானே யாருக்கும் தோன்றும்? இல்லையாம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடிக்க வேண்டுமாம்.

4

பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருந்ததாகக் குற்றச்சாட்டு. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் வாசித்தபோது என் மகளைப் பற்றித்தான் வாசிக்கிறார் என்றே எனக்குப் படவில்லை.

உள்ளே போகும் முன்பே வாசலில் நாகு பூசாரி எங்களை மடக்கி யோசனை சொன்னார். "ஒத்துக்கட்டும் பாக்கியம். ஏதோ அபராதம் போடுவான், கட்டிட்டு வந்துடலாம். சமன் மாதிரிதானே?"

கலா காதில் விழுந்துவிட்டது. "அண்ணே, இது கார் நிறுத்தினதுக்கு வர்ற சமன் இல்ல. ஒத்துக்கிட்டா அபராதத்தோட போகாது, ஜெயில். கோமதி, குற்றத்த ஒத்துக்கலன்னு சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வேணாம்."

நீதிபதி கேட்டபோது அப்படியே சொன்னாள். பிறகு ஜாமீன். நான் என் அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். குமாஸ்தா அதன் சிவப்பு நிறத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். நிரந்தரவாசி போதாது, குடிமகன்தான் ஜாமீன் நிற்க வேண்டும் என்றார். இத்தனை வருடமாக அந்தச் சிவப்பு அட்டை எனக்கு உறுத்தியதில்லை, அன்று உறுத்தியது. என் பிள்ளைக்கு நான் போதவில்லை. பாக்கியம்தான் ஜாமீன் நின்றாள்.

சாமி கும்பிட எடுத்துப் போகிற பொருள் என்று யாராவது பொறுப்பான ஓர் ஆள் வந்து சொன்னால் வழக்கு நிற்காது என்று கலா நம்பினாள். அரசுத் தரப்போ முனீஸ்வரனைத் தேடிக்கொண்டிருந்தது. அவர் சாமி என்று கலா எழுந்து விளக்கியபோது நீதிமன்றத்தில் சிரிப்பு. அரசு வழக்கறிஞரும் சிரித்தார். "சரி, சாமியால் வர முடியாது. மனிதர் யாராவது என்னுடையது என்று வந்து சொல்லட்டும்," என்றார்.

யாரும் வரவில்லை. நாகு பூசாரியிடம் கேட்டோம். கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி அருவாவ என்னுதுன்னு சொல்லவா? நாக்கு இழுத்துக்கும் தங்கச்சி. லாரி ஓட்றவன் நான். பிரேக்கு அவரு கையில இருக்கு."

வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறவர்கள் ஆறு பேர். ஆறு பேரையும் போய்ப் பார்த்தேன். ஆறு பேரும் ஒரே பதில்: சாமியுடையது. ஒருவர் மட்டும் கூடுதலாக, "பொம்பளப் பிள்ளைய விட்டு எடுக்கச் சொன்னீங்கல்ல, அதான் கோவம்," என்றார்.

அந்த வருடப் பூசையில் முனீஸ்வரர் ஓங்கிய வெறுங்கையோடு இருந்தார். கையில் என்ன வைப்பது என்று தெரியாமல் ஒரு மூங்கில் கம்பை வைத்தார்கள். பார்க்க யாரையோ அடிக்கப் போகிற வாத்தியார் மாதிரி இருந்தது.

வழக்கு தள்ளித் தள்ளிப் போய், ஒருநாள் அரசுத் தரப்பே நடத்தவில்லை என்று சொல்லிவிட்டது. நீதிபதி கோமதியை விடுவித்தார். பாக்கியம் பாயசம் வைத்தாள். நான் நிம்மதியாகத் தூங்கினேன். அது தப்பு.

5

அதற்கு அப்புறம்தான் நியூசிலாந்து வேலை வந்தது. அங்கே ஒரு மருத்துவமனையில் அதே இரத்தப் பரிசோதனை வேலை. வருட முடிவு வரை இடம் வைத்திருப்பார்கள். நன்னடத்தைச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். கோமதி விண்ணப்பித்தாள். சான்றிதழ் வரவில்லை.

என்னவென்று கேட்டு வர நான் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மகளின் குற்றப் பதிவை நீக்க வேண்டும் என்று மலாயில் சொல்லத்தான் போனேன். பதற்றத்தில் 'எனக்குக் குற்றப் பதிவு வேண்டும்' என்று சொல்லிவிட்டேன். முகப்பில் இருந்த பையன் சிரிக்காமல், "அப்படியானால் முதலில் குற்றம் செய்துவிட்டு வாருங்கள், பாக்சிக்," என்றான். பாக்சிக் என்றால் மாமா என்கிற மாதிரி மரியாதைதான். ஆனாலும் வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள்.

மறுபடியும் காகிதக் கடை மாடி.

"விடுதலைதானே பண்ணாங்க?" என்றேன்.

"விட்டாங்க அங்கிள். ஆனா குற்றம் இல்லன்னு தீர்ப்புச் சொல்லல. இப்போதைக்குப் போ, சாட்சி கிடைச்சா மறுபடி கூப்பிடுவோம், அந்த மாதிரி விடுறது. அன்னைக்கே சொன்னேன், நீங்க பாயசத்துக்குக் கூப்பிட்டுப் போயிட்டீங்க."

"அப்படின்னா இவள் குற்றவாளியா, இல்லையா?"

"ரெண்டும் இல்ல."

துறைமுகத்தில் மூட்டை வந்தது அல்லது வரவில்லை. வந்தும் வராத மூட்டை என்று ஒன்றை நான் எண்ணியதே இல்லை. கலா பொறுமையாகச் சொன்னாள்: முழு விடுதலை கேட்டு மனுப் போடலாம். அதற்கு இன்னமும் அதே ஆள் வேண்டும். அரிவாள் என் பொறுப்பில் இருப்பது, பூசைக்கு வைத்திருப்பது என்று ஒரு மனிதர் சத்தியப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முழு விடுதலை கிடைத்தாலும் போலீஸ் பதிவு தானாக அழியாது. அதற்குத் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

"நான் போடுகிறேன் கையெழுத்து," என்றேன்.

"அந்தக் கோயிலுக்கு எத்தன தடவ போயிருக்கீங்க?"

பாக்கியம் என்னைப் பார்த்தாள். நான் எண்ணிப் பார்த்தேன்; ஒரு கை விரலே அதிகம்.

"பொய்ச் சத்தியம் பண்ணா அடுத்த கேஸ் உங்க பேர்ல, அங்கிள். அப்புறம் வீட்டுக்கு ரெண்டு பேருக்கு நான் ஓடணும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாக்கியம் கேட்டாள்:

"ஏங்க, இந்தக் காகிதம் கெடச்சா அவ போயிடுவாதானே?"

"போயிடுவா."

"கெடைக்கலன்னா?"

"இங்கேயே இருப்பா. ரெண்டுங்கெட்டானா."

கெலுகோருக்கு முன்னாலேயே சுங்கை பினாங் நிறுத்தம் வந்தது. அவள் எழுந்துவிட்டாள். "சாமியப் பாத்துட்டுப் போவோம்," என்றாள்.

6

நாகு பூசாரி சாமிக்கு விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தயாராகிவிட்டார்.

"உங்களுதுன்னு சொல்ல வேணாம்ணே," என்றாள் பாக்கியம். "பாத்துக்கறவருன்னு சொன்னாப் போதும். லாயர் எழுதிக் குடுப்பாங்க."

"அதயும் அவருகிட்ட கேக்காம எப்படி? பூக் கேப்போம்."

சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று. இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்துச் சாமி காலடியில் போட்டார். வெள்ளை வந்தால் சம்மதம். அவரே கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். சிவப்பு.

"பாத்தியா தங்கச்சி."

பாக்கியம் அவரைப் பார்க்கவில்லை. சாமியின் முன்னால் போய் நின்றாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அந்தச் சாமியிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை.

"உன் அருவாவத் தூக்கிட்டு வந்ததுக்குத்தானே என் புள்ள கூண்டுல நின்னா? நான்தானே எடுத்துட்டு வரச் சொன்னேன்? நீ சாட்சிக்கு வர மாட்டே. ஜாமீனும் நான்தான் நின்னேன். ஒரு கையெழுத்துக்காச்சும் வழி விட மாட்டியா? அங்க என்னா, வெறுங்கைய ஓங்கிக்கிட்டு உக்காந்திருக்கே? உனக்கு உன் சாமான் வேணாமா?"

மோட்டார் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. பாக்கியம் திரும்பி, "அண்ணே, பயந்த கை எடுத்தா செவப்புத்தான் வரும். வேற ஆள எடுக்கச் சொல்லுங்க," என்றாள்.

பூசாரி மறுபடி மடித்துப் போட்டார். பக்கத்துக் காப்பிக் கடைச் சீன அக்காவைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மாளும் தினமும் முனீஸ்வரருக்கு ஊதுபத்தி வைக்கிறவர்தான். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்து, செருப்பைக் கழற்றி, குனிந்து ஒரு வெற்றிலையை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

"ஓகே லா?" என்று கேட்டார்.

நாகு பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஓகே லா, அக்கா," என்றார்.

இதை நான் நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். இரண்டு வெற்றிலை, இரண்டு பூ. எது வரவும் சரிபாதி வாய்ப்புத்தான் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. கை மட்டும் தானாகக் கும்பிட்டுவிட்டது.

7

கையெழுத்தாயிற்று. நீதிமன்றத்தில் இந்தத் தடவை நீதிபதி முழு விடுதலை என்றார். அரிவாளைப் பூசாரியிடம் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவு. வாங்கப் போன இடத்தில் அவர், "எலுமிச்சங்கா எங்க?" என்று கேட்டாராம். அது பட்டியலில் இருந்தது, பொருள் இல்லை. நான் அங்கே இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். வழியில் மறுபடி சாலைத் தடுப்பு வந்தால் காட்ட, தீர்ப்பின் நகலை அரிவாளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். வழக்கு எண் போட்டுக் கட்டிய அந்தப் பழுப்பு அட்டையை மட்டும் அவிழ்க்கவே இல்லை.

பதிவை நீக்கச் சொல்லிக் கலா போலீசுக்கு எழுதிப்போட்டாள்; சில வாரம் கழித்துச் சான்றிதழும் வந்தது. கோமதியின் பெயருக்கு எதிராக ஒன்றும் இல்லை என்று அதில் இருந்தது. ஏட்டு எழுதிப்போன அதே வரி, வேறு மொழியில்.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவள் விசா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பிக்கொண்டிருந்தாள். ஒரு கேள்வியில் நின்றுவிட்டாள். 'எப்போதாவது உங்கள்மீது குற்றம் சாட்டப்பட்டதுண்டா?' என்று கேட்டிருந்தது.

"இல்லைன்னு போடு," என்றேன். "அதுதான் துடைத்தாயிற்றே."

அவள் கலாவுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள். "அங்கிள், தண்டிச்சாங்களான்னு கேக்கல, சாட்டினாங்களான்னு கேக்குறாங்க. சாட்டினாங்கதானே? ஆமான்னு போட்டு விளக்கம் எழுதுங்க. மறைச்சா அதுதான் பிரச்சனை."

அப்படியானால் நாங்கள் எதைத் துடைத்தோம்? கேட்டேன். கலா விளக்கினாள். புரிந்த மாதிரி இருந்தது. போனை வைத்ததும் போய்விட்டது.

கோமதி 'ஆம்' என்று போட்டாள். விளக்கக் கட்டத்தில் கொஞ்ச நேரம் தட்டினாள்.

"என்ன எழுதின?"

"சாமியோட அருவாவ பட்டறைலேர்ந்து எடுத்துட்டு வந்தேன், பிடிச்சாங்க, குற்றம் இல்லன்னு விட்டுட்டாங்கன்னு."

"சாமியோடதுன்னா எழுதினே?" நான் கண்ணாடியைத் தேடினேன். "மறுபடியுமா? நாகராஜன்னு எழுதலையா?"

"எழுதியிருக்கேன்ப்பா, அவரு பாத்துக்கறாருன்னு. ஆனா அருவா யாரோடது? சாமியோடதுதானே?"

"சரியாத்தான் எழுதியிருக்கா," என்றாள் அடுப்படியிலிருந்து பாக்கியம். "அனுப்பச் சொல்லுங்க."

கோமதி கணினியை என் பக்கம் திருப்பினாள். "அப்பா, கூட வைக்க வேண்டியதெல்லாம் இருக்கான்னு ஒரு தடவ எண்ணிப் பாருங்க. அப்புறம் அனுப்பறேன்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். பாஸ்போர்ட், படிப்புச் சான்றிதழ், வேலைக் கடிதம், தீர்ப்பு, பூசாரியின் சத்தியப் பத்திரம், நன்னடத்தைச் சான்றிதழ். தாளில் ஆறு, திரையில் ஆறு. மறுபடியும் எண்ணினேன். பாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்னால் நின்றாள்.

குறைந்தால் கத்துவதுதான் என் தொழில். ஒன்றும் குறையவில்லை.

"சரியா இருக்கு," என்றேன்.